ஆட்டின் நான்காவது கால்

உட்காருங்கள் அக்கா. கரண்ட் வர எப்படியும் அரை மணி நேரம் ஆகும். கம்பியில் உரசுகிற கிளையை வெட்டுகிறார்களாம். உங்கள் ஆதார் அட்டை பத்திரமாக இருக்கிறது, இதோ ஜெராக்ஸ் மெஷின் மேலேயே வைத்திருக்கிறேன். வந்ததும் முதல் காப்பி உங்களுக்குத்தான்.

அது என்ன, பர்ஸிலிருந்து எடுக்கிறீர்கள்? பேங்க் பெஞ்சின் இடுக்கில் கிடந்ததா? கொஞ்சம் திருப்பிக் காட்டுங்கள். ஆமாம், எங்கள் கடை விலாசம்தான். படம்கூட எனக்குத் தெரியும். கொக்கு ஒன்று பாஸ்புத்தகத்தை அலகில் கவ்விக்கொண்டு வரிசையில் நிற்கிறது. சக்தி போட்டது. இரண்டு வருஷமாக அந்த இடுக்கிலேயே இருந்திருக்கிறது பாருங்கள், பாவம் கொக்கு, இன்னும் அதன் முறை வரவில்லை.

சொல்கிறேன். ஆனால் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது நான் நேரில் பார்த்தது இல்லை. அப்போது நான் இந்தக் கடைக்கே வரவில்லை. எங்கள் முதலாளி ஆசீர்வாதம் அண்ணாச்சி சொல்லிக் கேட்டதுதான். அவர் ஒரு தடவை சொல்லும்போது கதையில் மழை பெய்யும், அடுத்த தடவை வெயில் கொளுத்தும். மழை, வெயில் இரண்டையும் நான் விட்டுவிடுகிறேன். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். தெரியாததைத் தெரிந்த மாதிரி சொன்னால் எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

பிரம்மசக்தி என்று முழுப் பெயர். எனக்கு முன்னால் இந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவள். அப்பா அம்மா இல்லை. அண்ணன் சொரிமுத்துதான் வளர்த்தார், லோடு ஆட்டோ ஓட்டுகிறார். அண்ணன் மனைவி ஆவுடைத்தங்கம். அந்த வீட்டில் அண்ணன் வாயைத் திறந்தால் மதினி பேசுவார், அப்படி என்று அண்ணாச்சி சொல்வார். அண்ணாச்சிக்கு அந்த மதினியைக் கண்டாலே ஆகாது. அதையும் நீங்கள் கழித்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கடையில் கல்யாணப் பத்திரிகை ஆர்டரும் எடுப்போம் இல்லையா? வருஷா வருஷம் மாதிரி அட்டைகள் மாறும். பழைய மாதிரிகளின் பின்பக்கம் வெள்ளையாக இருக்கும். சக்தி வேலை இல்லாத நேரத்தில் அதில் படம் போடுவாள். எல்லாம் ஆடு மாடு கோழிதான், ஆனால் எல்லாம் நம் ஆட்கள் செய்கிற வேலையைச் செய்யும். கோழி குடை பிடித்துக்கொண்டு ரேஷன் கடைக்குப் போகும். எருமை பல் டாக்டரிடம் வாயைத் திறந்துகொண்டிருக்கும்.

சிவகாசியிலிருந்து ஒரு காலண்டர் கம்பெனி ஏஜெண்ட் ஆல்பம் கொடுக்க வந்தபோது அதைப் பார்த்துவிட்டார். எங்கள் டிசைன் பிரிவில் ஒரு இடம் இருக்கிறது, ஆவணியில் வந்து சேரமுடியுமா என்று கேட்டுவிட்டுப் போனார். அவ்வளவுதான். அன்றைக்கு எல்லாருக்கும் காப்பி கருப்பாகவே எடுத்துக் கொடுத்தாளாம்.

வீட்டில் சொன்னாள். அண்ணன் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டார்.

"சிவகாசியா? பொட்டப்புள்ள தனியாப் போயி அங்க என்ன செய்யும்? சுரண்டைக்காரவிய ஆவணில பொண்ணு பாக்க வாரோம்னு சொல்லியிருக்காவ."

"படம் போடுத வேலைண்ணே."

"படத்த எவன் பாக்கப்போறான்?"

அப்போது மதினி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை. "அதானே. ஏட்டி, இந்த வீட்ல நாலு வருஷமா செவுத்துல படத்த ஒட்டிட்டுக் கெடக்க. பால்காரன் ஒருநா பாத்திருப்பானா? கேஸ்காரன் பாத்திருப்பானா?"

"அவங்கள்லாம் தெரிஞ்சவங்க மதினி. தெரிஞ்சவங்க பாக்க மாட்டாங்க."

"அப்ப தெரியாதவன் பாப்பானோ?"

"பாப்பாங்க."

கீரைக் காம்பைத் தட்டில் போட்டுவிட்டு மதினி நிமிர்ந்தார். "சரி. மொகந்தெரியாத ஒரு ஆளு, ஒரே ஒரு ஆளு, ஒன் படத்தப் பத்தி ஒரு வரி எழுதித் தபால்ல போடட்டும். நானே ஒங்கண்ணங்கிட்டப் பேசுதேன். இல்லேன்னா, ஆவணி மொத முகூர்த்தத்துல சுரண்டைக்காரவியளுக்குக் காப்பி கொண்டாந்து வச்சிரணும். மூஞ்சியத் தூக்கி வச்சிட்டு இல்ல, சிரிச்சிட்டு. சம்மதமா?"

"சம்மதம்."

அன்றைக்குத்தான் ஆடி பிறந்திருக்கிறது. ஆடியில் யாரும் பெண் பார்க்க வரமாட்டார்கள் இல்லையா, அந்த ஒரு மாதம்தான் அவளுக்குக் கெடு.

மதினி அதோடு விடவில்லை. படுக்கப் போகும்போது இன்னொரு நிபந்தனை. "அட்டையில ஒன் பேரு வரக்கூடாது. பொட்டப்புள்ள பேரப் பாத்தா வெறுவாக்கலங்கெட்ட பயலுவ கண்டதையும் எழுதுவானுவ. அது கணக்குல வராது." பார்த்தீர்களா அக்கா? எல்லா வாசலையும் அடைத்துவிட்டு ஓடச் சொல்வது. இப்படியும் ஒரு மதினி.

பெயர் போடமுடியாது, வீட்டு விலாசம் போட அண்ணன் விடமாட்டார். அதனால் கடை விலாசம். ஆசீர்வாதம் ஜெராக்ஸ், தாலுகா ஆபீஸ் எதிரில். மாதிரி அட்டைகளை அளவாக வெட்டி, ஒரு பக்கம் படம், மறுபக்கம் விலாசம், விலாசத்துக்குப் பக்கத்தில் எழுதுவதற்கு ஸ்கேல் வைத்துக் கோடு. ஸ்டாம்பும் அவளே வாங்கி ஒட்டிவிட்டாள். கீழே ஒரு வரி: 'இதைக் கண்டெடுத்தவர் மனதில் தோன்றுவதை எழுதி அருகிலுள்ள தபால்பெட்டியில் போடவும்.' அது உங்கள் அட்டையிலும் இருக்கிறது பாருங்கள். நானாக இருந்தால் 'படத்தைப் பார்த்து' என்று சேர்த்திருப்பேன். அந்த இரண்டு சொல்லை விட்டதால்தான் எல்லாம். ஆனால் என் படத்தைப் பார் என்று எழுத அவளுக்குக் கூச்சமாக இருந்திருக்கிறது.

பஸ் ஸ்டாண்டில், பேங்கில், ஆஸ்பத்திரி மருந்து வாங்கும் இடத்தில், ரேஷன் கடைத் திண்டில் என்று காலையும் சாயங்காலமுமாக வைத்துவிட்டு வருவாள். வைத்துவிட்டு வந்துவிடவேண்டியதுதானே? முடியாது. தூணுக்குப் பின்னால் நின்று பார்ப்பாள்.

பாபநாசம் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் ஒரு அட்டை வைத்தாள். ஒருவர் எடுத்தார். படத்தைப் பார்த்தார். சிரித்தார். சக்திக்கு அங்கேயே கண் கலங்கிவிட்டதாம். அவர் அட்டையை நிதானமாக நாலாக மடித்து, கடகடவென்று ஆடுகிற ஜன்னல் சட்டத்தில் சொருகினார். ஆட்டம் நின்றது. நிம்மதியாகத் தூங்கிவிட்டார். எருமை வாயைத் திறந்தபடி பாபநாசம் போய்ச் சேர்ந்தது.

இன்னொன்று கேளுங்கள். கல்யாணப் பத்திரிகை இல்லையா, சில அட்டைகளின் ஓரத்தில் தங்க நிறத்தில் பாதிப் பிள்ளையார் நின்றுவிட்டார். தும்பிக்கை மட்டும், அல்லது ஒரு காது மட்டும். பிள்ளையாரை யார் கீழே போடுவார்கள், யார்தான் அதில் எழுதுவார்கள்? எல்லாரும் கண்ணில் ஒற்றி, பஸ் ஸ்டாண்ட் வேப்பமரத்தடியில் உடைந்த சாமி படங்கள் வைப்பார்களே, அங்கே கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். ஒருநாள் அவள் போய்ப் பார்த்தால், குடை பிடித்த கோழிக்கு யாரோ குங்குமம் வைத்து, ஒரு செம்பருத்தியும் வைத்திருக்கிறார்கள்.

"கோழிக்குப் பூ விழுந்திருக்கு மதினி," என்று வந்து சொல்லியிருக்கிறாள்.

"வேண்டிக்கிட்டியா?"

"வேண்டிக்கிட்டேன்."

"அது எழுதாது பாத்துக்கோ. கோழிக்குப் படிப்பு வராது."

ஆடி பாதி போனபிறகு தபால்காரர் முதல் அட்டையைக் கொண்டுவந்தார். சக்தி மெஷினைப் பாதியில் நிறுத்திவிட்டு ஓடினாள். படித்தாள். அண்ணாச்சியிடம் நீட்டினாள். அண்ணாச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாகப் படித்தார்:

'உயர்திரு தாசில்தார் ஐயா அவர்கள் சமூகத்துக்கு. எங்கள் தெருவில் கடைசிக் கம்பத்தில் விளக்கு எரிந்து மூன்று மாதமாகிறது.'

மறுநாள் இரண்டு. முதியோர் பென்ஷன் நின்றுபோனது பற்றி ஒன்று. ரேஷன் கார்டில் மருமகள் பெயருக்குப் பதில் மாமியார் பெயர் இரண்டு தடவை வந்திருப்பதாகவும், ஒரு மாமியாரே போதும் என்றும் ஒன்று. அடுத்த வாரம் கட்டாக வந்தது.

யோசித்துப் பாருங்கள் அக்கா, அவர்கள் மேல் என்ன தப்பு? தேர்தல் பக்கத்தில் இருந்தது. ஸ்டாம்பு ஒட்டி, கோடு போட்டு, தாலுகா ஆபீஸ் என்று விலாசமும் எழுதி, சும்மா எழுதிப் போடுங்கள் என்று நம் ஊரில் வேறு யார் கொடுப்பார்கள்? அனுப்புகிறவர் பெயர் இல்லாத காகிதம் என்றால் அது அரசாங்கம்தான். படத்தை ஏதோ திட்டத்தின் சின்னம் என்று நினைத்துவிட்டார்கள். ஒரு அம்மா எழுதியிருந்தார்: 'எனக்குக் கோழி வேண்டாம். ஏற்கனவே இருக்கிறது. தையல் மெஷின் கொடுத்தால் போதும்.'

சக்தி அதைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள். "மதினி, இது கோழியப் பத்தி எழுதியிருக்கு!"

மதினி வாங்கிப் படித்தார். "கோழி வேண்டாம்னுல்லா எழுதியிருக்கு."

"வேண்டாம்னாலும் படத்தப் பத்திதான?"

"திட்டத்தப் பத்தி. தள்ளுபடி."

அப்புறம் தினமும் இதே வேலை. மதினி கவிழ்த்துப் போட்ட வாளியில் உட்கார்ந்து கீரை ஆய்வார், சக்தி ஒவ்வொன்றாகப் படிப்பாள். "கால்வாய் அடைப்பு." "தள்ளுபடி." "புருஷன் குடி." "அய்யோ பாவம். தள்ளுபடி." அண்ணனும் வந்து உட்கார்ந்துவிடுவாராம், டி.வி.யைவிட நன்றாக இருக்கிறதென்று. ஒருநாள் ஒன்று வந்தது: 'தாலுகா ஆபீஸ் எதிரில் உள்ள ஜெராக்ஸ் கடையில் காப்பி எல்லாம் கருப்பாக வருகிறது. மேற்படி கடைமீது நடவடிக்கை எடுக்கவும்.' அதற்கு மட்டும் மதினி தலையை நிமிர்த்தி, "இது ஏத்துக்கிடுதேன். அந்த ஆசீர்வாதத்தக் கூட்டிட்டு வா, விசாரிப்போம்," என்றாராம். அண்ணாச்சிக்கு அந்தக் கோபம் இன்றுவரை ஆறவில்லை.

சிரிக்கிறீர்கள். எனக்கும் சிரிப்புத்தான் வந்தது, முதல் தடவை கேட்கும்போது. ஆனால் சக்தியின் நிலையை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு நாளும் தபால்காரர் சைக்கிள் மணி கேட்கும்போதும் இது நமக்கு என்று எழுந்திருப்பாள். ஒவ்வொன்றும் தாசில்தாருக்கு. இத்தனை பேர் அட்டையைக் கையில் எடுத்திருக்கிறார்கள், பேனா தேடியிருக்கிறார்கள், தபால்பெட்டிவரை நடந்திருக்கிறார்கள். ஒருவர்கூடப் படத்தைப் பார்க்கவில்லை. அண்ணன் கேட்டது சரிதானோ என்று அவளுக்கே தோன்றிவிட்டது. கடையில் படம் போடுவதை நிறுத்திவிட்டாள். அந்த அட்டைகளையும் தூக்கிப்போட மனம் வரவில்லை. ஒவ்வொன்றையும் வெள்ளைத்தாளில் முறையான மனுவாக எழுதி, திங்கட்கிழமை மனு கொடுக்கும் நாளில் எதிரே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். வாங்கினவர், "நீங்க எந்த ஊரு?" என்று கேட்டிருக்கிறார். "எதுத்த கடை சார்" என்றிருக்கிறாள்.

ஆடி கடைசி வாரம். சுரண்டையிலிருந்து போன் வந்துவிட்டது, இத்தனை பேர் வருகிறோம் என்று. மதினி பலகாரத்துக்கு மாவு அரைத்து வைத்துவிட்டார். அன்றைக்குக் கடைக்கு ஒரு அட்டை வந்தது. சக்தி எழுந்துகூடப் போகவில்லையாம். அண்ணாச்சிதான் வாங்கிப் படித்தார். படித்துவிட்டு அவள் முன்னால் வைத்தார்.

இதோ, இந்த மேஜைக் கண்ணாடிக்குக் கீழே இருக்கிறது, நீங்களே படியுங்கள். படம் தெரிகிற பக்கத்தை நகல் எடுத்துப் பக்கத்திலேயே வைத்திருக்கிறோம். ஆடு ஸ்கூட்டர் ஓட்டுகிறது. எழுத்து கொஞ்சம் கோணலாக இருக்கும், நான் படிக்கிறேன்:

'உயர்திரு ஐயா அவர்களுக்கு வணக்கம். தாங்கள் அனுப்பிய ஆட்டுக்கு மூன்று கால்களே உள்ளன. நான்காவது கால் வழங்க ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். ஆடு சிரிப்பது நன்றாக இருக்கிறது. அதில் கை வைக்க வேண்டாம். இப்படிக்கு, பொன்னுத்தாய், மேலத்தெரு, முக்கூடல்.'

"கால் ஸ்கூட்டருக்கு அந்தப் பக்கம்லா இருக்கு!" என்று கத்தினாளாம் சக்தி. கத்திவிட்டு இந்த ஸ்டூலில் உட்கார்ந்து ஒரே அழுகை. வந்திருந்தவர்கள் எல்லாம் ஏதோ சாவுச் செய்தி என்று நினைத்துக் காப்பி எடுக்காமலே போய்விட்டார்கள்.

மதினியிடம் கொண்டுபோய்க் காட்டினாள். அந்த அம்மா தோற்ற விதத்தைக் கேளுங்கள். ஒரு நல்ல வார்த்தை இல்லை. "எவளோ வேலையத்தவ எழுதியிருக்கா," என்றார். அட்டையை அப்படியும் இப்படியும் திருப்பினார். "நாலாவது காலப் போட்டிருந்தா இந்த வம்பே இல்ல," என்றார். பிறகு எழுந்து கையை உதறிக்கொண்டு, "என்ன செய்ய, வாக்குக் குடுத்தாச்சு," என்று அண்ணனிடம் போனார்.

ஆனால் பேசினார், அதைச் சொல்லவேண்டும். அண்ணன் முடியவே முடியாது என்றிருக்கிறார். மதினி விடவில்லை. சிவகாசியில் பெண்கள் விடுதி எங்கே இருக்கிறது, வார்டன் யார், எத்தனை மணிக்குக் கதவு சாத்துவார்கள், முக்கூடல்காரர் ஒருவரின் மகள் அங்கே இருக்கிறாள், அவள் போன் நம்பர் என்ன, எல்லாம் விரல்நுனியில். தோற்றால் என்ன செய்வது என்று அவ்வளவு முன்னேற்பாடாக இருந்திருக்கிறார் பாருங்கள், சாமர்த்தியசாலிதான். சுரண்டைக்காரர்களுக்கு அரைத்த மாவில் சக்திக்கு முறுக்குச் சுட்டு டப்பாவில் போட்டு பஸ் ஏற்றிவிட்டார். இப்போதும் சிவகாசியில்தான் இருக்கிறாள். நன்றாக இருக்கிறாள்.

இவ்வளவு நேரம் உங்களிடம் இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், ஒரு உதவி. உங்கள் கையில் இருக்கிற கொக்குப் படத்தைப் பார்த்து ஒரே ஒரு வரி எழுதுங்கள் அக்கா. பேனா தருகிறேன். என் கையில் தரவேண்டாம், போகிற வழியில் தபால்பெட்டியில் போட்டுவிடுங்கள். நீங்கள் சக்திக்கு முகம் தெரியாத ஆள். எல்லா நிபந்தனையும் சரியாக இருக்கும். ஏனென்றால் அந்த ஆட்டு அட்டை செல்லாது. அது எனக்கு மட்டும்தான் தெரியும். தெரிந்ததிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் தினமும் இந்தக் கண்ணாடிக்குக் கீழே அந்த அட்டையைப் பார்ப்பேன். பொன்னுத்தாய் அம்மாள் மனு கொடுத்திருக்கிறார், யாரும் பதில் போடவில்லையே என்று உறுத்தும். அதனால் மரியாதையாக ஒரு கடிதம் எழுதினேன். 'தங்கள் மனு கிடைத்தது. நான்காவது கால் ஸ்கூட்டரின் மறுபக்கம் உள்ளது.' அது திரும்பி வந்துவிட்டது. அப்படி ஒரு ஆள் இல்லை என்று எழுதியிருந்தது.

போன மாதம் முக்கூடல் பக்கம் எனக்குப் பரீட்சை இருந்தது. முடித்துவிட்டு மேலத்தெருவுக்கு நடந்தேன். விசாரித்தேன். பொன்னுத்தாயா என்று யோசித்துவிட்டு, ஒரு பெட்டிக்கடைக்காரர் சிரித்துக்கொண்டே ஒரு வீட்டைக் காட்டினார். கதவைத் திறந்த பெண்ணைப் பார்த்ததும் எங்கேயோ பார்த்த முகமாக இருந்தது. அந்த மதினி ஆவுடைத்தங்கம் இரண்டு மூன்று தடவை கடைக்கு வந்திருக்கிறார், அதே மூக்கு.

"பொன்னுத்தாய்ங்கிறவங்க இங்கதான் இருக்காங்களா?" என்று கேட்டேன்.

அந்தப் பெண் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "பொன்னுத்தாயா? நீ யாரும்மா?"

"ஜெராக்ஸ் கடைலேர்ந்து வாறேன்."

"அது எங்க ஆவுடையக்கா வளத்த ஆடுல்லா!" என்று சிரித்தாள். "அக்காவ எட்டாங்கிளாஸோட நிப்பாட்டி பீடி சுத்தப் போட்டாவ. அப்போ வாங்கினது. அக்கா பீடித் தட்ட மடியில வச்சிட்டு, பழைய பாடப்புஸ்தகத்த அது முன்னால விரிச்சு, சத்தமா வாசிச்சிக்கிட்டே இருக்கும். அதுவும் அசையாம நிக்கும். அக்கா கல்யாணமாகிப் போன வருஷமே ஆடு செத்துப்போச்சு. அன்னிக்கு தபால்காரரும் வந்து கேட்டாரு. அதுக்கு யாரும்மா லெட்டர் போட்டது?"

வந்த வேலையை முடித்துவிட்டாவது போகலாம் என்று, "அதுக்குக் கால் எத்தனைங்க?" என்று கேட்டேன்.

"நாலுதான். ஏன் கேக்க?"

அவளுக்குப் பின்னால் சுவரில் ஒரு பழைய போட்டோ மாட்டியிருந்தது. சடை போட்ட பிள்ளை ஒன்று ஆட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நிற்கிறது. அனுமதி கேட்டு, பக்கத்தில் போய் நானே எண்ணிப் பார்த்தேன் அக்கா. நாலு கால்தான்.